லோரி நுழையக் கூடாத சாலை

என்னைச் சந்தேகக்காரி என்று சொல்கிறவர்களை நான் கோபித்துக்கொள்வதில்லை. மலாக்காவில் ஒரு பெரிய பேரங்காடியின் வாசலில் பதினான்கு ஆண்டுகள் நின்றிருக்கிறேன். சாமான் வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் ரசீதையும் பையையும் ஒத்துப் பார்ப்பதுதான் என் வேலை. சிரித்துக்கொண்டே வருகிறவர்களின் பையைத்தான் முதலில் திறப்பேன். குழந்தையின் தள்ளுவண்டி மெத்தைக்கு அடியிலிருந்து பால்மாவு டின்னை எடுத்திருக்கிறேன். அந்தக் குழந்தையின் அப்பா எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் என்னை விடவில்லை. ஜாசின் பாசாரில் மீன்காரன் "இன்னிக்குக் காலையில பிடிச்சதுலா அக்கா" என்றால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அவன் முகத்தையும் பார்ப்பேன்.

வேலையை விட்டதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். ஜாசினில் டயர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவர் ஒருநாள் மத்தியானம் கடையிலேயே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு வந்தது, ஆனால் வார்த்தைகள் ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து வந்தன. மருத்துவமனையில் டாக்டர் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்குள் நடந்தால் போதாது, தினமும் வெளியே போக வேண்டும், நாலு பேரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

வெளியே போவதற்கு அவருக்கு இருந்த இடம் சாலைக்கு அந்தப் பக்கத்து ஒட்டுக்கடை. எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து நாற்பது அடி இருக்கும். சாயந்தரம் ஐந்து மணிக்குத் தடியை ஊன்றிக்கொண்டு போய், சீனி போடாத தேநீர் ஒன்று குடித்துவிட்டு, தோட்டத்து லயத்து வீடுகளில் கூட வளர்ந்த ஆட்களோடு உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறு மணிக்குத் திரும்பி வருவார். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் அவர் தினமும் முகம் மழித்துக்கொண்டார்.

இடையில் அந்தச் சாலை இருந்தது. எங்கள் குடியிருப்பான இந்தத் தாமானைக் கட்டியபோது அது வீட்டுக்காரர்களுக்கான சாலை. பிறகு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போகிற லோரிகள் அதைக் குறுக்கு வழியாகப் பிடித்துக்கொண்டன. பெரிய சாலையில் சுற்றிப் போனால் இருபது நிமிடம் கூட ஆகும். எங்கள் வாசல் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். குலைகளை மலைபோல் ஏற்றிக்கொண்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எங்கள் கேட்டின் முன்னால் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களை நான் தினமும் பெருக்கி வாருவேன்.

ஒருநாள் அவர் பாதி சாலையில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு லோரி ஹாரன் அடித்தது. இடிக்கவில்லை. ஹாரன் மட்டும்தான். தடி வழுக்கி அவர் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். நான் ஓடிப் போய்த் தூக்கும்போது அவர் கைலி நனைந்திருந்தது. அதை நான் பார்த்தேன், கடையில் இருந்தவர்களும் பார்த்தார்கள். மறுநாள் ஐந்து மணிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாள் முகமும் மழிக்கவில்லை.

அவரைத் திரும்ப அந்தக் கடைக்குக் கொண்டுபோனது எதிர் வீட்டுத் தம்பி. சாலைக்கு அந்தப் பக்கம், கடையை ஒட்டினாற்போல் அவர் வீடு. நாற்பது வயதிருக்கும். அவரும் செம்பனை லோரி ஓட்டுகிறவர்தான். நாலு மணிக்கெல்லாம் லோரி முதலாளியான தவுக்கேயின் கொட்டகையில் லோரியை விட்டுவிட்டு மோட்டாரில் வந்துவிடுவார். நான் கேட்கவில்லை, அவராகவே ஒருநாள் வந்து கேட்டில் நின்று, "அண்ணே, வாங்க, டீ ஆறிப் போவுது," என்றார். இவர் வரமாட்டேன் என்று தலையாட்டினார். "நான் இருக்கேன்ல, எந்த லோரி வருதுன்னு பாப்போம்." இவர் முகம் மழிக்காமலே எழுந்து போனார். தம்பி ஒரு கையால் இவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கியபடி சாலை நடுவில் நிற்பார். லோரிகள் நிற்கும். நானும் எத்தனையோ தடவை கையைத் தூக்கி நின்றிருக்கிறேன், எனக்கு ஒரு லோரியும் நின்றதில்லை. அந்த நன்றியோடு கூடவே, தம்பிக்கு மட்டும் எப்படி நிற்கிறார்கள் என்ற கேள்வியும் அன்றைக்கே எனக்குள் விழுந்துவிட்டது.

தம்பி எத்தனை நாளைக்குக் கையைப் பிடிப்பார் என்றுதான் நான் மனுப் போட ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் தானாகவே அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. மூலை வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். மலாய் மொழியில் மனு எழுதுவதென்றால் அவருக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி. அவர் எழுதினார், நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். எதிர் வீட்டுத் தம்பியும் கையெழுத்துப் போட்டார், எங்கள் ஏழு பேர் குழுவிலும் சேர்ந்தார். "நீங்க லோரி ஓட்டுறவராச்சே, தம்பி" என்று கேட்டேன். "ஓட்டுறவனுக்குத்தானே தெரியும் எவ்ளோ ஆபத்துன்னு" என்றார். நல்ல பதில்தான். அளவுக்கு மீறி நல்ல பதில் சொல்கிறவர்களின் பைகளையும் நான் திறந்து பார்த்திருக்கிறேன்.

நகராட்சி அலுவலகத்துக்கு ஆறு மாதம் அலைந்ததில் ஒரு பலகை வந்தது. காலை ஆறிலிருந்து ஒன்பது வரையும், பிற்பகல் மூன்றிலிருந்து ஏழு வரையும் கனரக வாகனங்கள் நுழையக் கூடாது. பலகை நட்ட அன்று சாயந்தரமே ஒரு லோரி அதை உரசிக்கொண்டு போனது. மறுபடியும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அமலாக்க அதிகாரி பொறுமையான மனிதர். மலாயில்தான் பேசினார். "புவான், நாங்கள் காலையில் சில தடவை வந்து நின்று பார்க்கிறோம். லோரிகள் பிடிபட்டால் வேகத்தடை போட நானே சிபாரிசு எழுதுகிறேன். ஒன்றுமே பிடிபடவில்லை என்றால் புகாரை மூடிவிட வேண்டியதுதான்." வருவதற்கு முந்தின நாள் எனக்குச் சொல்வதாகவும் சொன்னார். எங்கே நின்றால் லோரிகளுக்குத் தெரியாது என்று காட்ட ஆள் வேண்டுமாம். விஷயம் வெளியே போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். என்னிடமா சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தடவை குழுவின் ஏழு பேருக்கும் தெரியும். முந்தின நாள் சாயந்தரம் நான் முனியாண்டி கோயிலுக்குப் போனேன். தோட்டத்துச் சாலையும் எங்கள் சாலையும் சேருகிற முச்சந்தியில், ஒரு பெரிய மரத்தடியில் தகரக் கூரை போட்ட கோயில் அது. என் கல்யாணத்திலிருந்து வீட்டுக்காரரின் மருத்துவமனை நாட்கள் வரைக்கும் முனியாண்டியிடம் சொல்லாமல் நான் ஒரு காரியம் தொடங்கியதில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் முணுமுணுத்தால் பூசாரி அண்ணன் விடமாட்டார். "அவரு காவக்காரருமா, மனசெல்லாம் படிக்க மாட்டாரு. என்னா வேணும்னு தெளிவா சொல்லு," என்பார். நாம் சொல்வதை அவர் உரக்கத் திருப்பிச் சொல்லி, சுருட்டைப் பற்றவைத்து, எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போடுவார். நானும் தெளிவாகச் சொன்னேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு அதிகாரிகள் வந்து வளைவுக்கு அப்பால் மறைவாக நின்றார்கள். ஒன்பது மணி வரைக்கும் நின்றார்கள். பள்ளிக்கூட பஸ் போனது, ரொட்டிக்காரர் போனார், ஒரு மாடு போனது. லோரி ஒன்றும் வரவில்லை. எல்லா நாளும் ஏழு மணிக்கு என் ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு போகிறவை, அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட இல்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பேரங்காடி வாசலில் நான் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது.

பத்தரை மணிக்கு லோரிகள் வழக்கம்போலப் போகத் தொடங்கின. வேலியே பயிரை மேய்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரையும் மனசுக்குள் நிறுத்திப் பையைத் திறந்தேன். ஒருவருடைய மச்சான் ஆலையில் எடை போடுகிறவர். இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்குத் தவுக்கே பெரிய கூடை நிறையப் பழம் அனுப்பியிருந்தார். அந்தக் கூடையைப் பார்த்தவள் நான். வாத்தியாரைக்கூட விடவில்லை. அவர் ஏன் எல்லாக் கூட்டத்திலும் "பொறுமையா போவோம்" என்றே சொல்கிறார்?

இரண்டாம் தடவை வாத்தியாருக்கும் எதிர் வீட்டுத் தம்பிக்கும் மட்டும் சொன்னேன். முன்போலவே கோயிலுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். காலையில் அதிகாரிகள் நின்றார்கள். ஒரு லோரியும் வரவில்லை.

ஆக, ஏழு இரண்டாகச் சுருங்கிவிட்டது. வாத்தியாருக்கு லோரிக்காரர் ஒருவரையும் தெரியாது. மீதி இருந்தவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அன்று சாயந்தரம் தம்பி வழக்கம்போல வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தூக்கினார், லோரி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். நான் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

மூன்றாம் தடவை நான் பொறி வைத்தேன். வாத்தியாரிடம்கூடச் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும், கேட்டோரமாகக் கூப்பிட்டு, "தம்பி, நாளைக்குக் காலையில வராங்க. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "சரிக்கா," என்று மட்டும் சொன்னார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பிறகு கோயிலுக்குப் போய், இந்தத் தடவையாவது ஒரு லோரியும் தப்பக் கூடாது, பிடிபட்டால் ஒரு சேவல் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டு வந்தேன்.

லோரி வரவில்லை. அதிகாரி கிளம்பும்போது, இன்னும் ஒரே ஒரு தடவை வருவோம், அதோடு முடித்துக்கொள்வோம் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டத்தை என் வீட்டு முன்கூடத்தில் வைத்தேன். ஏழு பேரோடு அக்கம்பக்கத்தார் பத்துப் பேரும் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். முதல் தடவை ஏழு பேர், இரண்டாம் தடவை இரண்டு பேர், மூன்றாம் தடவை ஒருவர்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. யாரு சொன்னது?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் யாருக்கும் சொல்லலக்கா."

"அப்ப யாரு சொன்னா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியின் மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். அதையும் நான் பார்த்தேன், அதற்கும் ஒரு கணக்கு எழுதிக்கொண்டேன். வாத்தியார், "பொறுமையா..." என்று தொடங்கினார். நான் கைப்பேசியை எடுத்து, எல்லோர் முன்னாலும் தம்பியை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினேன். அவர் எழுந்து, என் வீட்டுக்காரரிடம், "வரேண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் ஐந்து மணிக்குத் தம்பி வரவில்லை. வந்திருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் முகம் மழித்துச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். "நான் கூட்டிட்டுப் போறேன், எழுந்திருங்க," என்றேன். அவர் என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "அவன்... அப்படி... செய்ய மாட்டான்." எனக்கு எரிச்சலாக வந்தது. உங்களுக்கு மனிதர்களைத் தெரியாது, பதினான்கு வருஷம் வாசலில் நின்றவள் நான் என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் போகவே இல்லை.

நான்காம் தடவை வருவதாக அதிகாரி அழைத்த நேரத்தில் எங்கள் வீட்டில் தீட்டு. கிளேபாங்கில் இருந்த வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் தவறிப் போய் ஐந்தாம் நாள். பதினாறு முடியும் வரை கோயில் படி ஏற முடியாது. சாமியிடம் சொல்லாமல் இறங்குகிறோமே, அதுவும் கடைசித் தடவை என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது. மனிதர்களிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை.

ஏழு மணிக்கு முதல் லோரி வந்தது. அதிகாரிகள் சாலையில் இறங்கி மறித்தார்கள். அதன் பின்னால் இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒன்பது மணிக்குள் ஐந்து லோரிகள் எங்கள் வீட்டு வரிசையில் ஓரங்கட்டி நின்றன. எல்லாவற்றிலும் அளவுக்கு மீறிய பாரம். மக்கள் கேட்டுகளில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். முதலில் பிடிபட்ட லோரியிலிருந்து இறங்கியவர் எதிர் வீட்டுத் தம்பி. தன் வீட்டு வாசலிலேயே நின்று, தன் மனைவி பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரியிடம் லைசென்சை நீட்டினார். கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இவர் காதுக்குப் போகாத ஒரே தடவை, லோரிகள் வந்தன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை, மிகவும் சந்தோஷமாக இருந்தது.

தவுக்கே அந்த வாரமே தம்பியை லோரியிலிருந்து இறக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். சம்மனோடு வந்த ஆளை வைத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை. தம்பி பகலெல்லாம் வீட்டில் இருந்தார். மூன்றே வாரத்தில் எங்கள் சாலையில் மூன்று வேகத்தடைகள் போட்டார்கள். நுழைவில் உயரத் தடுப்புக் கம்பியும் வைத்தார்கள். லோரிகள் நின்றுபோயின. ஜன்னல் கண்ணாடி அதிரவில்லை. வாத்தியார் குழுவில் எனக்கு மலர்க்கொத்துப் படங்கள் அனுப்பினார்.

தீட்டுக் கழிந்தும் அலுவலகம், வேகத்தடை என்று நாட்கள் ஓடிவிட்டன. எல்லாம் முடிந்த பிறகுதான் சேவலைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நேர்ந்தது நேர்ந்ததுதானே. பூசாரி அண்ணன் சேவலை வாங்கிக்கொண்டார். முகம் அவ்வளவு தெளிவாக இல்லை. முன்பு தோட்டத்தில் லோரிக்குக் குலை ஏற்றிக்கொண்டிருந்தவர் அவர். முதுகு போன பிறகு பூசாரியானவர்.

"ஏம்மா, அந்தத் தடவை மட்டும் நீ ஏன் வந்து சொல்லல?"

"வீட்டுல தீட்டுண்ணே."

"அதான் பாத்தேன்." சேவலின் காலைக் கட்டிக்கொண்டே சொன்னார். "நீ வரலியா, எனக்குத் தெரியாமப் போச்சு. பாவம், அஞ்சு புள்ளைங்க மாட்டிக்கிட்டானுங்க."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. லோரிக்காரர்கள் விடியற்காலையில் தோட்டத்திலிருந்து வெளியேறும்போது அந்த முச்சந்தியில் நிறுத்தித் திருநீறு வாங்காமல் போகமாட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காமல் வண்டியை எடுக்கமாட்டார்கள். அது எனக்குத் தெரியாததா? அந்தச் சாலையில் இருபது வருஷமாகப் போய்வருகிறேன்.

"நீங்களா அண்ணே அவங்ககிட்ட சொன்னீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஒளிக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. "நீயும் இங்கதான் வர்ற, அவனுங்களும் இங்கதான் வரானுங்க. பெட்டிஷன் அக்கா வந்து சொல்லிட்டுப் போச்சு, இன்னிக்கு அந்தப் பக்கம் போவாதீங்கடான்னேன். உன் ரோட்டுலயும் லோரி வரல, அவனுங்களுக்கும் சம்மன் இல்ல. ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார் என்பார்கள். என் பூசாரி எல்லோருக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார். அவர்மேல் கோபப்படப் பார்த்தேன், முடியவில்லை. நாளும் நேரமும் இடமும் சொல்லி, உரக்க, தெளிவாக, மூன்று தடவை ஒப்பித்தவள் நான். ஊரில் உள்ள பைகளையெல்லாம் திறந்து பார்த்தவளுக்குத் தன் கையில் இருந்த பை தெரியவில்லை.

அன்று சாயந்தரமே சாலையைக் கடந்து எதிர் வீட்டுக்குப் போனேன். தம்பி வாசலில் உட்கார்ந்து மோட்டார் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்க்கா," என்றார்.

"எப்பத் தெரியும்?"

"மொத தடவையே. நானும் காலையில அங்கதானே நிறுத்துறேன்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி."

அவர் கையைத் துணியில் துடைத்தார். "சொல்லியிருந்தா நீங்க கோயிலுக்குப் போய் சொல்றத நிறுத்திடுவீங்க. லோரி மாட்டும். என் லோரியுந்தான் மாட்டும். தவுக்கே டிரிப் கேக்குறான், சுத்திப் போனா டிரிப் கொறையும். அது என் தப்பு. பொய் சொல்ல மாட்டேன்." எண்ணெய் டப்பாவை மூடினார். "மூணாவது தடவை கேட்டுக்கிட்ட வந்து சொன்னீங்க பாருங்க, அன்னிக்குச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம் கூட்டத்துல கேட்டீங்க. அத்தனை பேரு இருக்காங்க, அண்ணனும் இருக்காரு. அவரு முன்னாடி உங்க பேர எப்படிக்கா சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். "தாப்பாலா அக்கா, விடுங்க," என்றார். மலாயில் பரவாயில்லை என்று சொல்கிற வார்த்தைதான் அது. நாங்கள் எல்லோரும் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வோம். அவர் சொன்னபோது ஒரு கதவை மெதுவாகச் சாத்துவதுபோல இருந்தது. என் முகத்தை அவர் ஒரு தடவையும் நேராகப் பார்க்கவில்லை.

அன்றைக்கே குழுவில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வாத்தியார் தனியாக அழைத்து, "எதுக்குமா இது, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே," என்றார். நான் அழிக்கவில்லை. தம்பியைத் திரும்பக் குழுவில் சேர்த்தேன். பத்து நிமிடத்தில், அவர் குழுவைவிட்டு வெளியேறினார் என்ற வரி வந்தது.

அடுத்த நாள் மறுபடி போனேன். எனக்காக இல்லை, அண்ணனுக்காக ஐந்து மணிக்கு ஒரு நடை வர முடியுமா என்று கேட்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அண்ணனுக்கு இப்ப நான் எதுக்குக்கா? ரோடுதான் நல்லாயிருச்சே. தனியாவே வரலாம்."

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஐந்து மணி ஆனதும் எழுந்து, முகம் மழித்து, சட்டை போட்டு, தடியை எடுத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தார். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றேன். இரண்டு பக்கமும் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. மஞ்சள் கோடு போட்ட புது வேகத்தடை எங்கள் வாசலுக்கு நேராகவே இருந்தது. ஒரு சைக்கிள்கூட வரவில்லை. அந்தப் பக்கம் கடையில் தம்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"போங்க, ஒண்ணும் வரல," என்றேன்.

அவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தடியை மெதுவாகத் திருப்பி வைத்து, வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"டீய... இங்கயே... போட்டுடு," என்றார்.